நான் அழித்த வெள்ளைப் புள்ளி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் வடிந்து, திருவண்ணாமலையில் கொஞ்சம் காலாற நடக்க முடிந்த நேரம். மார்கழியில் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது என்பதால் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் தேங்கிக் கிடக்கும் வேலைகளை முடிக்கிற மாதம்.

என்னைப் போன்றவர்கள் என்றால், போட்டோ எடிட்டிங் செய்பவர்கள். நான் படம் எடுப்பதில்லை. ஊரில் இரண்டு மூன்று ஸ்டுடியோக்காரர்கள் விசேஷங்களில் எடுத்த படங்களை ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்புவார்கள். நான் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்து, ஆல்பமாக அடுக்கித் திருப்பிக் கொடுப்பேன். பதினோரு வருடமாகச் செய்கிறேன். இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் முகம் எனக்கு அத்துப்படி. யாருக்கு எந்தக் கன்னத்தில் மரு, யார் சிரித்தால் ஒரு கண் சின்னதாகும் என்பதுவரை தெரியும். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, ‘இவருடைய நரையை நான் கறுப்பாக்கியிருக்கிறேனே’ என்று தோன்றி, சிரிப்பை அடக்கிக்கொண்டது உண்டு.

ஸ்டுடியோக்காரர்கள் பெரும்பாலும் ‘ரா’ ஃபைலாகத்தான் எடுப்பார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. செல்போனில் எடுக்கும் படத்தை போனே மெருகேற்றிக் கொடுத்துவிடும். ரா ஃபைல் அப்படியில்லை. கேமரா பார்த்தது அத்தனையும் அப்படியே, கொஞ்சம் மங்கலாக, அழகில்லாமல் அதில் இருக்கும். அதன்மேல் நான் வெளிச்சம் கூட்டலாம், நிறம் மாற்றலாம், பருவை எடுக்கலாம். எவ்வளவு செய்தாலும் அடியில் இருக்கும் ஃபைல் மாறாது. ‘ரீசெட்’ கொடுத்தால் நான் செய்தது எல்லாம் விலகி, கேமரா அன்றைக்குப் பார்த்தது வந்து நிற்கும்.

அந்த மார்கழியில் ஒரு ஸ்டுடியோ அண்ணன் போன் செய்தார். ஆவணி மாதம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. ஒரு வயதுப் பெண் குழந்தை. அந்தப் படங்களையெல்லாம் நான் அப்போதே சரிசெய்து கொடுத்து, அவரும் அந்த வீட்டாரின் போனுக்கு அனுப்பிவிட்டிருந்தார். இப்போது அவர்கள் புது வீடு கட்டுகிறார்களாம். ஹாலில் மாட்ட, குடும்பமே கோயில் மண்டபத்தில் நிற்கிற படம் பெரிதாக ஃபிரேம் போட்டு வேண்டுமாம்.

அது கொஞ்சம் சிக்கலான படம். மண்டபத்துக்குள் இருட்டு, வெளியே கொளுத்துகிற வெயில். முகங்கள் தெரிகிற மாதிரி எடுத்தால் வெளியே வானமும் வயலும் வெள்ளைத் தாளாகிவிடும். வயல் தெரிகிற மாதிரி எடுத்தால் ஆட்கள் நிழலாகிவிடுவார்கள். அதனால் அண்ணன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுவாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று முறை எடுத்திருந்தார். மூன்றையும் கணினியில் சேர்த்து ஒன்றாக்கினால் உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். எச்.டி.ஆர். என்பார்கள். எங்கள் ஊர் மலையும் கோபுரமும் மேகமும் ஒன்றாகப் பளிச்சென்று தெரிகிற படங்களைப் பார்த்திருப்பீர்களே, அதில் பாதி இப்படிச் சேர்த்ததுதான். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

மலை ஆடாது, கோபுரம் ஆடாது. குழந்தை ஆடும். மூன்று முறை கிளிக் செய்வதற்குள் அது தலையை மூன்று பக்கம் திருப்பியிருந்தது. படங்களைச் சேர்த்தபோது எல்லோரும் அழகாக வந்தார்கள், குழந்தையின் முகம் மட்டும் தண்ணீரில் விழுந்த மாதிரி கலைந்து போயிருந்தது. வேறு ஒரு படத்திலிருந்து அதன் முகத்தை எடுத்து ஒட்டுவதுதான் வழி. பெரிய படம் என்பதால் பழைய வேலையைத் தொடாமல், ரா ஃபைல்களைப் புதிதாகத் திறந்து, குழந்தை நேராகப் பார்க்கிற படமாகத் தேடினேன்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, காது குத்தி அழுது முடித்து, யாரோ கிலுகிலுப்பை ஆட்டியதற்கு வாய் பிளந்து சிரிக்கிற படம் ஒன்று கிடைத்தது. பெரிதாக்கினேன். வலது கண்ணில் ஃபிளாஷ் பட்ட சிவப்பு. இடது கண்ணில் கருவிழிக்கு நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி, அரிசி நொய் அளவுக்கு.

எனக்கு ஞாபகம் வந்தது. ஆவணியில் இதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, என் கை பார்த்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் கண் சிவப்பாகத் தெரிவது சகஜம். ஒரு கிளிக்கில் அதைக் கறுப்பாக்கிவிடுவோம். அன்றைக்கு இருந்த அவசரத்தில் சிவப்போடு சேர்த்து வெள்ளையையும் கறுப்பாக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கிறேன்.

இன்னொரு படத்தைத் திறந்தேன். இடது கண்ணில் வெள்ளை. அடுத்தது, அதற்கடுத்தது. குழந்தை கேமராவைப் பார்க்கிற எல்லாவற்றிலும் வலது கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. முகம் தெரிவதற்காக இப்போது நான் நிழலைத் தூக்கி வெளிச்சம் கூட்டியதால் வந்ததோ என்று சந்தேகம். ஒவ்வொன்றாக ரீசெட் கொடுத்தேன். போகவில்லை. அந்த விசேஷத்துக்கு இரண்டு கேமரா. ஒன்றின் லென்ஸில் கோளாறோ என்று மற்றதில் எடுத்ததைப் பார்த்தேன். அதிலும் அதே கண், அதே வெள்ளை. அதே நாளில் எடுத்த மற்றக் குழந்தைகளின் படங்களைத் தேடித் தேடிப் பெரிதாக்கினேன். யாருக்கும் அப்படி இல்லை.

போனில் தேடியது தப்பு. முதலில் வந்த பக்கமே, குழந்தைகளின் கண்ணில் வருகிற புற்றுக்கட்டிக்கு இது அறிகுறியாக இருக்கலாம் என்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு நான்கு படங்களை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள். “ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்டி. ஃபிளாஷ் ஒரு மாதிரி சாய்வா பட்டாக்கூட வெள்ளையா தெரியும். ஆனா எல்லாப் படத்துலயும் அதே கண்ணுன்னா டாக்டர் பாத்தே ஆகணும். எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் கூட்டிட்டு வரச் சொல்லு” என்றாள். கூடவே, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சின்ன சோதனையையும் சொல்லிக்கொடுத்தாள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற ஸ்டுடியோவுக்குப் போனேன். அண்ணன் படங்களைப் பார்த்தார். முகம் மாறியது. கடையில் இருந்த ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்தார்.

“நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும்மா. அங்க போயி சொன்னா இன்னா சொல்வாங்க தெரியுமா? நீ ஃபிளாஷ் அடிச்சதாலதான் கொழந்த கண்ணு போச்சும்பாங்க. அப்புறம் அந்தப் பக்கமே நான் கேமராவத் தூக்கினு போவ முடியாது.”

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. நான் லேப்டாப்பை மூடவில்லை. அவர் மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு அந்த வீட்டுக்கு வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். “முகம் செலக்ட் பண்ண ஆள் வருதுன்னு போன் போட்டுச் சொல்றேன். நான் வரலம்மா” என்றார்.

மறுநாள் காலையில் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கினேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

ஊரை ஒட்டிய வீடு. பக்கத்திலேயே புது வீட்டுக்குக் கூரைக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் குழந்தையின் அம்மா விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். குழந்தை தோலையெல்லாம் வாரி இறைத்து விளையாடிக்கொண்டிருந்தது. மொட்டையில் முடி வளர்ந்திருந்தது. இத்தனை நாள் திரையில் பார்த்த முகம் என் புடவை நுனியைப் பிடித்து இழுத்தபோது குனிந்து அதன் தலையைத் தொட்டேன்.

“வாங்கக்கா. போட்டோக்கார அண்ணன் சொன்னாரு. எந்த மூஞ்ச ஒட்றதுன்னு பாக்கணுமாமே” என்று பாய் விரித்தாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து அந்தச் சிரிக்கிற படத்தைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தாள்.

“இது எப்ப எடுத்ததுக்கா?”

“காதுகுத்து அன்னிக்குத்தாம்மா.”

“எனக்கு அனுப்புனதுல இப்பிடி இல்லியே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். “நான் அப்பவே சொன்னேன்கா. சாயங்காலம் வெயிலு சாஞ்சி வரும்போது இந்தக் கண்ணு மட்டும் ஒரு மாதிரி வெள்ளையா மின்னும். எங்க வூட்டுக்காரரு, ஒனக்கு வேற வேல இல்லன்னாரு. சரி, போட்டோ வரட்டும், அதுல தெரிஞ்சிடும்னு இருந்தேன். வந்துச்சி. ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன். ரெண்டு கண்ணும் கருகருன்னு இருந்துச்சி. அப்புறம்தான் நமக்குத்தான் கோளாறுன்னு வுட்டுட்டேன்.”

என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. இந்தப் பெண் தன் கண்ணால் பார்த்ததை விட நான் அனுப்பிய படத்தை நம்பியிருக்கிறாள். டாக்டரிடம் போயிருக்க வேண்டியவள், என் வேலையைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறாள். நான்கு மாதம்.

“நான்தாம்மா அழிச்சேன். ஃபிளாஷ் வெளிச்சம்னு நெனச்சி கறுப்பாக்கிட்டேன்” என்றேன்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணில் நீரோடு, “ஏன்க்கா அழிச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி. அழகாக இருக்கட்டும் என்றுதான் அழித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரத்தில் அவள் கணவர் லோடு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மனைவி அழுவதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அவள் தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாங்க மேடம் இது? அன்னிக்கு இல்லாத மாதிரி காட்டுனீங்க. இன்னிக்கு வந்து இருக்குற மாதிரி காட்டுறீங்க. ரெண்டும் நீங்க பண்ணதுதான். எத நம்பச் சொல்றீங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவரை உட்காரச் சொன்னேன். அவர்கள் போனுக்கு வந்த படத்தை, நான் வேலை செய்த ஃபைலில் திறந்து காட்டினேன். இரண்டு கண்ணும் கறுப்பு. “இதுக்கு மேல நான் பண்ணதெல்லாம் எடுத்துடறேன், பாருங்க” என்று சொல்லி ரீசெட்டை அழுத்தினேன். சந்தன நிறம் மங்கியது. முகத்தின் பளபளப்பு போனது. பின்னால் இருந்த மண்டபம் இருண்டது. இடது கண்ணில் வெள்ளை வந்து உட்கார்ந்தது. “இதுதாங்க கேமரா பாத்தது. இதுல என் கை படல.” இன்னொரு படம், இன்னொரு கேமராவில் எடுத்த படம் என்று ஆறேழு தடவை அதையே செய்து காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். நம்பினார் என்று சொல்ல முடியாது.

பாண்டி கண் மருத்துவமனையில் வேலை செய்கிற என் சிநேகிதி, குழந்தையைச் சீக்கிரம் அங்கே கூட்டி வரச் சொன்னதைச் சொன்னேன். அப்போதுதான் அவள் சொன்ன சோதனை நினைவுக்கு வந்தது. குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, கையில் ஒரு மல்லாட்டையைக் காட்டச் சொன்னேன். முதலில் இடது கண்ணை உள்ளங்கையால் மெதுவாக மூடச் சொன்னேன். குழந்தை அதைக் கண்டுகொள்ளவே இல்லை, மல்லாட்டையைப் பிடுங்கிக்கொண்டது. பிறகு வலது கண்ணை மூடச் சொன்னேன். குழந்தை தலையை உதறியது. கையைத் தட்டிவிட்டது. அம்மா மறுபடியும் மூடியதும் வீறிட்டு அழுதது. கண்ணெதிரே நீட்டிய மல்லாட்டையைத் தொடவே இல்லை, காற்றில் கையைத் துழாவியது.

அவள் கையை எடுத்துவிட்டுக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் எழுந்து போய், கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, “பாண்டிக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?” என்று கேட்டார்.

அடுத்த நாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊரே உள்ளே வந்துகொண்டிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் படிக்கட்டுவரை ஆட்கள். நாங்கள் போன பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் திருவண்ணாமலையில் ஏறினேன், அவர்கள் மூவரும் கீழ்பென்னாத்தூரில் ஏறினார்கள். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் ஜன்னலோரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தன் உள்ளங்கையை அதன் கண்ணருகே கொண்டுபோவதும் பாதியில் எடுத்துவிடுவதுமாக வந்தார்.

மருத்துவமனை வாசலில் என் சிநேகிதி காத்திருந்தாள். முதலில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாவை விரியும்வரை உட்கார வைத்தார்கள். பிறகு வேறு அறை. பிறகு கண்ணுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. என் மனசில் ஓடியதெல்லாம் அந்த நான்கு மாதம்தான். போனில் படித்த அந்த வார்த்தையை டாக்டர் சொல்லிவிட்டால், அந்த நான்கு மாதத்தை இவர்களிடமிருந்து எடுத்தவள் நான். அதற்கு ரீசெட் கிடையாது. குழந்தையின் அப்பா எங்கிருந்தோ டீ வாங்கி வந்து, எனக்கும் ஒரு கப் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். குடிக்க முடியவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது கூப்பிடுவதற்கு. பெரிய டாக்டர் ஒரு அம்மா. அவர் சுற்றி வளைக்கவில்லை.

“பின்னாடி கட்டி எதுவும் இல்ல. விழித்திரை நல்லா இருக்கு. லென்ஸ்லதான் புரை. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்.”

மூவரும் அவர் முகத்தையே பார்த்தோம். குழந்தையின் அப்பாதான் முதலில் பேசினார். “புரையா? எங்க அப்பாவுக்குப் பண்ணாங்களே, அந்தப் புரையா?”

“அதேதான். பொறந்த கொழந்தைங்களுக்கும் வரும்.”

அவர் சிரித்துவிட்டார். டாக்டர் அறையில், சத்தமாக, தன்னை மறந்து. சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி, “போட்டோக்கு ஃபிளாஷ் அடிச்சாங்களே, அதனால ஏதாச்சும்…” என்று இழுத்தார்.

டாக்டர் தலையாட்டினார். “ஃபிளாஷ் ஒண்ணும் பண்ணாதுங்க. அதுதான் உங்களுக்குக் காட்டிக் குடுத்திருக்கு.” பிறகு கொஞ்சம் கண்டிப்பான குரலில், இது சும்மா விடுகிற விஷயம் இல்லை என்றார். இந்த வயதில் கண் பார்க்கக் கற்றுக்கொள்கிறதாம். வெளிச்சம் சரியாக உள்ளே போகாத கண்ணை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடுமாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரிந்திருந்தால், புரையை எடுத்தாலும் பார்வை வந்திருக்காது என்றார். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் நல்லது, இப்போதும் காலம் இருக்கிறது என்றும் சொன்னார். ‘இன்னும் முன்னாலேயே’ என்றபோது நான் தலை குனிந்தேன். அந்த அறையில் அதைக் கவனித்தவள் அந்தப் பெண் மட்டும்தான். மேசைக்கடியில் என் கையைப் பிடித்தாள்.

வெளியே வந்து, குழாயைத் திறந்துவிட்டுத் தனியாக நின்று நன்றாக அழுதேன். பிறகு ஸ்டுடியோ அண்ணனுக்குப் போன் செய்தேன். விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டார். “டாக்டரு ஃபிளாஷ் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?” என்றார். சொன்னேன். ஒரு பெருமூச்சு கேட்டது. பிற்பாடு அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் ஃபிளாஷ்தான் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது என்று சொல்ல ஆரம்பித்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் நானும் மறுக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாவும் குழந்தையும் தூங்கிவிட்டார்கள். செஞ்சி தாண்டியதும் அவர் என் சீட்டுப் பக்கம் திரும்பினார்.

“நேத்து ஜாஸ்தி பேசிட்டேன்க்கா. மனசுல வெச்சிக்காதீங்க.”

“நான் பண்ணதுக்கு நீங்க பேசுனது கம்மிதாங்க” என்றேன்.

பொங்கல் முடிந்து ஆபரேஷன் நடந்தது. அதைவிடக் கஷ்டம் அப்புறம்தான். கண்ணாடி போட வேண்டும். நன்றாக இருக்கிற வலது கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, இடது கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும். குழந்தை ஒட்டைப் பிய்த்து எறியும். கண்ணாடியை வாயில் வைத்துக் கடிக்கும். அந்தப் பெண் ஒரு நாள் போன் செய்து அழுவாள், மறுநாள், “இன்னிக்கு ஒட்டு போட்டுக்கினே காக்காவக் காட்டுச்சிக்கா” என்று சிரிப்பாள். ஒரு வருடத்துக்கும் மேல் இப்படியே ஓடியது. இப்போது குழந்தைக்கு நாலு வயது தாண்டிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. இடது கண் வலது கண் அளவுக்கு இல்லைதான். ஆனால் அதை மட்டும் வைத்தே சுவரில் இருக்கிற படங்களைப் பெயர் சொல்கிறது. டாக்டருக்குத் திருப்தி.

புது வீட்டு ஹாலில் மாட்ட வேண்டிய படம் இதற்கிடையில் அப்படியே கிடந்தது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எந்த முகத்தை ஒட்டட்டும், கண்ணை எப்படி விடட்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இருந்தது இருந்தபடியே போடச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

“கறுப்பாவே போடுங்கக்கா. இப்பதான் சரியாயிடுச்சே” என்றாள்.

போட்டேன். இந்தத் தடவை பார்த்துப் போட்டேன்.

இப்போதும் நான் பருவை எடுக்கிறேன், நரையைக் கறுப்பாக்குகிறேன், மலையையும் மேகத்தையும் சேர்த்து எச்.டி.ஆர். செய்கிறேன். என் பிழைப்பு அது. ஆனால் ஒரு முகத்தில் எதையாவது எடுப்பதற்கு முன் ரா ஃபைலை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடுகிறேன். சந்தேகம் வந்தால் கேட்டுவிடுகிறேன். இதுவரை இரண்டு வீடுகளுக்குப் போன் செய்திருக்கிறேன். இரண்டிலும் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதில் ஒருவர் என்னைத் திட்டவும் செய்தார். பரவாயில்லை. அந்தக் குழந்தைக்கு நான்தான் பார்வை கொடுத்தேன் என்று தெரிந்தவர்கள் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தவறவிட்டதைத் திரும்பப் பார்க்க எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது, அதுவும் காலம் கடந்துபோவதற்குள் கிடைத்தது என்கிற நிம்மதிதான் இன்றைக்கும் என் மனசில் பெரிதாக இருக்கிறது.